சுவிட்ச் போடும் கை

உங்கள் அறை மூலையில் இருக்கிற எடை மெஷின் நானூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, டாக்டர். நீங்கள் ஃபோனில் பேசி முடிக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று ஏறிப் பார்த்தேன். முப்பது வருடமாகக் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகம் எனக்கு. என் எடை எனக்குத் தெரியும். பின்பக்கம் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், போகும்போது சரிசெய்துவிட்டுப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வைத்தியத்தில் பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டு நீங்கள் சோர்ந்து போயிருக்கிறீர்கள் என்று உங்கள் குரலைக் கேட்டபோதே தெரிந்தது. "எங்க தப்புப் பண்ணினேன்னு புரியல சார்" என்றீர்கள். நீங்கள் எங்கேயும் தப்புப் பண்ணவில்லை. ஒழுங்காக வேலை செய்த ஒரு மனிதர் தன் வேலையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். இந்த அறையில் பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று என் மச்சினனை முதன்முதலில் அழைத்து வந்த அன்றே சொன்னீர்கள். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் மனைவியின் தம்பி அவன். பெற்ற குழந்தையைத் தொட மாட்டேன் என்கிறான், அதற்குத்தான் ஐந்து மாதமாக உங்களிடம் வருகிறான். இது எப்போது ஆரம்பித்தது என்று அன்றைக்கு என்னிடம் கேட்டீர்கள். குழந்தை பிறந்ததிலிருந்து என்று சொன்னேன். அது சரியான விடை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் கை கழுவப் போனபோது ஆரம்பித்தது.

எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு, அதை அவன் சொல்லியிருப்பான். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது. இப்போது இருக்கிற மாதிரி இல்லை. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும், வீட்டு டி.வி.யில் மாட்டிப் பார்க்க வேண்டும். நாற்பது வருடப் பழசு. பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்து மஞ்சளடித்துப் போனதை யாராவது குப்பையில் போடப் போவார்கள், நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்வோம். இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஓட வைப்போம் என்போம். ஓடிய பிறகு என்ன செய்வீர்கள் என்பார்கள். உறை போட்டு அலமாரியில் வைப்போம். அவ்வளவுதான்.

முதலில் மூன்று பேர் நாங்கள். ரிட்டையரான கணக்கு டீச்சர் ஒருவர், அவர் வீட்டு மாடிதான் இடம். நீளமான மேஜை, நாலு விளக்கு, வடக்குப் பார்த்த ஜன்னல். தையல்காரர் ஒருவர், மெஷின்களுக்கு உறை தைத்துக் கொடுப்பவர், வாய் ஓயாதவர். பிறகு நான். என் மச்சினன் அப்போது கணக்கில் சேர்த்தி இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவனுக்கு. என்னை மாடியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவான், மத்தியானம் வந்து கூட்டிப் போவான்.

அந்த மெஷினுக்கு நான் நாற்பது நாள் செலவழித்திருந்தேன். ஈரத்தில் கிடந்தது. போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. பழைய டூத் பிரஷ்ஷால் ஓர் ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தேன். கண்டன்சர்கள் எல்லாம் வீங்கியிருந்தன, இருபத்தொன்றையும் கழற்றிப் புதிது போட்டேன். அப்படியும் உயிர் வரவில்லை. தலைமுடியில் பாதி அகலத்துக்கு ஒரு செம்புக் கோடு அறுந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்க மட்டும் ஒன்பது நாள். அன்றைக்கு அந்த இடத்தில் கம்பியிழை வைத்து ஈயம் பற்றவைத்தேன், மூடியைப் போட்டேன், கையெல்லாம் பிசுக்கு. கழுவிக்கொண்டு வந்து சுவிட்சைப் போடலாம் என்று போனேன். அந்த நேரம் பார்த்து இவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்திருக்கிறான். "என்ன டீச்சர், இன்னுமா தூங்குது?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைத் தட்டியிருக்கிறான்.

நான் கதவருகே வந்தபோது கை தட்டுகிற சத்தம் கேட்டது. டி.வி. நீலமாக இருந்தது, மூலையில் சின்னக் கட்டம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. தையல்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"நாப்பது நாளா சார் மல்லுக்கட்டுறாரு, தம்பி வந்து தொட்டதும் எந்திரிச்சிருச்சு பாருங்க. கைராசின்னா இதான்யா கைராசி."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. படித்த டீச்சருக்குமா இது தெரியாது. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டே, "இனிமே எந்த மெஷினா இருந்தாலும் முதல் சுவிட்சு இவன்தான் போடணும்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். விளையாட்டு வழக்கமானது, வழக்கம் சட்டமானது. நான் முடித்து வைக்கிற ஒவ்வொரு மெஷினும் ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்வரை காத்திருக்கும். அவன் வருவான், உள்ளங்கையை ஊதிக்கொள்வான், சுவிட்சைப் போடுவான். ஓடும். ஓடாமல் என்ன செய்யும், நான் சரிசெய்தது.

அவன் தலைக்கனக்காரன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும், "அத்தான் பண்ணினது டீச்சர், நான் சும்மா தட்டிவிட்டேன்" என்பான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னுடையதை எடுத்து எனக்கே தானம் கொடுத்தால் எப்படி இருக்கும். அவன் ஒரு தடவையாவது பீற்றிக்கொண்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெயர் மாடியோடு நிற்கவும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. தையல்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கண்ணாடிக் கடையில் ஆட்கள் வந்து, "அந்தக் கைராசித் தம்பி இருக்காரா, அவர் மாட்டிக் கொடுத்தாத்தான் கண்ணுக்கு ஒத்துக்குது" என்று கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் என் மனைவி. "என் தம்பி கை பட்டா பட்ட மரமும் துளிர்க்கும்" என்பாள். அதை அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை மனதில் வைத்து அவள் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

வயிற்றெரிச்சலா என்றால் ஆமாம், வயிற்றெரிச்சல்தான். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள்.

இரண்டரை வருடம் பொறுத்தேன். அதன் பிறகு நடந்தது என் பிசகு, வேண்டுமென்று செய்ததில்லை. ஒரு மெஷினில் ஒரு ஐ.சி.யைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியபோது சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டேன். கறுப்பாக, இரண்டு பக்கமும் பூரான் மாதிரிக் கால் வைத்து இருக்குமே, அதுதான் ஐ.சி. ஒரு கால் சாக்கெட்டுக்குள் இறங்கவில்லை. அவன் வந்தான், ஊதினான், சுவிட்சைப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது.

அப்போது ஒன்று கவனித்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சரும் தையல்காரரும் அவன் கையைப் பார்த்தார்கள். அவனும் தன் கையைத்தான் பார்த்தான். மெஷின் ஓடினால் அவன் ராசி என்றால், ஓடாவிட்டாலும் அவன் ராசிதானே. அந்தக் கணக்கு அவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை. நான் மூடியைத் திறந்து ஐ.சி.யை ஒரு அழுத்து அழுத்தி, நானே சுவிட்சைப் போட்டேன். நீலத்திரை வந்தது. "என்ன இருந்தாலும் சார் கைதான் கை" என்றார் தையல்காரர். அன்று நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மறு வாரம் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போய் நகப்பாலிஷ் வாங்கினேன். என்ன கலர் என்று கேட்டாள் கடைப்பெண். கலரே இல்லாதது என்றேன்.

அதை ஐ.சி.யின் ஒரு காலில் மெல்லிசாகப் பூசினால் போதும். காய்ந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. சாக்கெட்டில் கால் உட்கார்ந்திருக்கும், ஆனால் கரண்ட் போகாது. நாற்பது காலில் ஒரு கால். மெஷின் மூச்சு விடாது. பிறகு பஞ்சில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைத் தொட்டுத் துடைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துகொள்ளும். பழைய மெஷினை வதைக்கிறவன் இல்லை நான். அதைக் கெடுக்கிற எந்த வேலையையும் என் கை செய்யாது.

எல்லா வாரமும் பூசவில்லை. அது எனக்குக் கடைக்காரர்கள் கற்றுக் கொடுத்த பாடம். எடையில் எப்போதும் குறைக்கிறவன் ஆறு மாதத்தில் என்னிடம் மாட்டிக்கொள்வான். பத்து தடவைக்கு இரண்டு தடவை குறைக்கிறவன் ஆயுள் முழுக்க நல்லவன். அதனால் முதலில் நாலு மெஷினுக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று, பிறகு ஒன்று விட்டு ஒன்று. அவன் தொட்டு எழாததை நான் தொட்டு எழுப்புவேன். எட்டு மாதம் ஆனது. உள்ளங்கையை ஊதுவதை எப்போது நிறுத்தினான் என்று எனக்கு நினைவில்லை. சுவிட்சைப் போடும்போது கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தான். பிறகு ஒரு நாள், "அத்தான், இன்னைக்கு நீங்களே போடுங்க" என்றான்.

"சேச்சே, நீதான்டா போடணும்" என்று நான்தான் வற்புறுத்தினேன். போட்டான். வரவில்லை.

அப்போது அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம் கேட்டான், "ஏன் அத்தான் இப்படி ஆகுது?" என்று. சிரிக்கிற மாதிரித்தான் கேட்டான், ஆனால் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் இறங்கினான், அதைப் பார்த்தேன். நான் அவன் தோளில் கை போட்டுக்கொண்டேன்.

"சில பேருக்கு ராசி மாறும் மாப்பிள்ளை. வீட்டுல ஒரு உசிரு வர்ற நேரத்துல மாறும்னு சொல்வாங்க. நீ மனசுல போட்டுக் குழப்பிக்காத."

அப்படி யாரும் சொல்வதில்லை. அந்த நிமிடம் என் வாயில் வந்தது. நகப்பாலிஷ் அத்தனை மாதத்தில் செய்யாததை அந்த ஒரு பேச்சு செய்தது என்று பிற்பாடு புரிந்தது. மூன்று வாரம் கழித்துக் கடையில் அவன் கையில் ஒரு லென்ஸ் உடைந்தது. மறுநாள் இன்னொன்று. அதில் எனக்குப் பங்கில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை நான்.

குழந்தை பிறந்த அன்று நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அப்பா யாரு, வாங்கிக்கோங்க" என்றாள். அவன் சுவரோடு ஒட்டி நின்றான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். என் மனைவி, "டேய், என்னடா, வாங்குடா" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

"என் கை வேண்டாம்க்கா. அத்தான் வாங்கட்டும். அத்தான், நீங்க வாங்குங்க."

வாங்கினேன். கையில் விழுந்ததுமே எடை சொன்னேன், இரண்டு கிலோ எண்ணூறு என்று. நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். இரண்டு எண்ணூற்றுப் பத்து. பத்து கிராம் துணியாக இருக்கும். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை, வாயை மட்டும் சப்புக்கொட்டியது. எனக்கு ஐம்பத்தொரு வயது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, டாக்டர். அவன் மூன்றடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அதன் பிறகு ரொம்ப நாளைக்கு நான் பூசவில்லை. தேவைப்படவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான். கடையிலும் லென்ஸைத் தொட மாட்டேன் என்று சொல்லி வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கிற இடத்துக்கு மாறிக்கொண்டான். ஒரே ஒரு தடவை, குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, தூங்குகிறதே என்று காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். காலையில்தான் தடுப்பூசி போட்டிருந்தது, எல்லாக் குழந்தைக்கும் வருகிற காய்ச்சல். அவனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அவன் மனைவி சொன்னாள், என் மனைவியும் சொன்னாள். அவன் நான் என்ன சொல்கிறேன் என்றுதான் பார்த்தான். நான் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தினமும் வேலை முடிந்து அங்கே போனேன். தொட்டில் ஆட்டினேன், குளிப்பாட்டுகிறபோது தலையைத் தாங்கிப் பிடித்தேன், நடை பழக்கினேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அவள் முதல் பல் முளைத்ததை நான்தான் பார்த்தேன். அவள் அப்பா அடுத்த அறையில் இருந்தான், கூப்பிட்டேன். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குல்ல அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நடுவில் என் வீட்டில் ஒரு சிக்கல். என் மனைவி எனக்குத் தெரியாமல் என் கருவிப்பெட்டியில் கத்தரிக்கோல் தேடியிருக்கிறாள். அவள் நகப்பாலிஷ் போடுகிறவள் இல்லை. பாட்டிலைக் கொண்டுவந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாரு அவ?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், என்மேல் இன்னொருத்திக்கு ஆசை வரும் என்று நம்புகிறாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருத்தி இருந்தாள் என்றால் அழுவாள், பேச மாட்டாள், என்றைக்காவது ஒரு நாள் மன்னிப்பாள். உண்மையைச் சொன்னால் மன்னிக்க மாட்டாள். தம்பிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவர்கள் அம்மா இறந்துவிட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்.

"அது முடிஞ்சு போச்சு" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சவளா?"

"இல்ல."

பாட்டிலைக் குப்பையில் போட்டாள். பத்து மாதமாக என்னோடு அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, மானத்துக்கு அஞ்சுகிறவள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறேன். அதை மற்றதில் கழித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னீர்கள். எந்த இடத்தில் பயம் பிடித்ததோ அந்த இடத்திலேயே அதை அவிழ்க்க வேண்டும் என்றீர்கள். அதே மாடி, அதே ஆட்கள், ஒரு பழைய மெஷின், குழந்தையும் அவள் அம்மாவும் பக்கத்தில். அவன் சுவிட்சைப் போட வேண்டும், அது ஓட வேண்டும், அந்தச் சூட்டோடு குழந்தையைக் கையில் கொடுத்துவிட வேண்டும். "ஒண்ணே ஒண்ணு சார், நிச்சயமா ஓடுற மெஷினா இருக்கணும்" என்றீர்கள். "நிச்சயமா ஓடும்" என்றேன். அந்த நேரத்தில் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. நல்ல யோசனை அது. என் வேலையும் அப்படித்தான், எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்தில்தான் பற்றவைக்க வேண்டும்.

என்னிடம் இருப்பதிலேயே நம்பகமான மெஷினை எடுத்தேன். சனிக்கிழமை காலை என் வீட்டில் வைத்துப் பதினேழு தடவை போட்டுப் பார்த்தேன். பதினேழு தடவையும் வந்தது. அன்று குழந்தை எங்கள் வீட்டில் இருந்தாள். மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். ஒரு விரலால் ஏதோ ஒரு கீயை அழுத்தினாள், திரையில் எழுத்து வந்தது, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை எழுத்து வந்ததோ அத்தனை தடவை திரும்பிப் பார்த்தாள். ஒன்றரை வயதுக் குழந்தை அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பிள்ளை பெற்றவர், மேஜைமேல் படம் வைத்திருக்கிறீர்கள்.

நாளைக்கு அவன் கை பட்டு இது ஓடும், எல்லாரும் கை தட்டுவார்கள், இவளை அவன் தூக்கிக்கொள்வான் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு அவள் யாரைத் திரும்பிப் பார்ப்பாள். நாற்பது நாள் தேய்த்துத் துடைத்துப் பற்றவைத்தது ஒருவன், வந்து சுவிட்சைத் தட்டுகிறவன் இன்னொருவன். மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை மெஷின் விஷயத்தில் இல்லை.

குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புது பாட்டில் ஒன்று வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சரியான நேரத்துக்கு வந்தார்கள். டீச்சர் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார். என் மச்சினன் புதுச் சட்டை போட்டிருந்தான். இரண்டு தடவை கை கழுவினான், கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்தான். "டாக்டர் சொல்லியிருக்காரு அத்தான், இது நிச்சயமா ஓடும்னு" என்றான். "ஓடும், போடு" என்றேன். அவன் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போட்டான். திரை கறுப்பாக இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மூன்றாவது தடவை போட்டபோது டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லி மூடியைத் திறந்து, ஐந்து நிமிடத்தில் துடைத்து மாட்டியிருக்கலாம். கருவிப்பெட்டி என் காலடியிலேயே இருந்தது. நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"பரவாயில்ல அத்தான். டாக்டரைத் தப்புச் சொல்லாதீங்க" என்றான்.

நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லையே. அன்றிலிருந்து அவன் வீட்டில் இல்லை. கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது, பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தள்ளி இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். நானும் என் மனைவியும் இப்போது அங்கேதான் இருக்கிறோம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

ஆகவே, உங்கள் முறை சரி, டாக்டர். வேறு ஒரு நோயாளிக்குச் செய்யும்போது தயங்காதீர்கள். அவனிடம் நீங்கள் இதையெல்லாம் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். சொன்னாலும் நம்ப மாட்டான். என் அத்தான் அப்படிச் செய்கிறவர் இல்லை என்பான், உங்களோடு சண்டைக்கு வருவான்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்றைக்கு அவன் மாடிப்படிக்குப் போகும்போது குழந்தை அம்மா மடியிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி அவன் பின்னால் போய், காலைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டினான். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு திரும்பி, அறையில் அத்தனை பேர் இருக்க, நேராக என்னிடம் வந்தாள். நான் கூப்பிடவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. குழந்தைகளுக்குத் தெரியும், டாக்டர், எது ராசியான கை என்று.